முகத்தின் கோணலும் றொன்ட்ஜனின் கொடையும்

திருகோணமலைத் துறைமுகத்தின் பெருமை அதன் ஆழத்தில் இருக்கின்றது. எனினும் நீர்ப்பரப்பைப் பார்த்து அந்த ஆழத்தை எவரும் அறிந்துவிட முடியாது. அளந்து வரையப்பட்ட வரைபடம் இல்லாமல் எந்த மாலுமியும் பெருங்கப்பலை உள்ளே செலுத்தத் துணியமாட்டான். மனித முகமும் இத்தகையதே. ஒரு பிள்ளையின் தாடை ஒருபுறம் கோணியிருப்பதைக் கண் காணும். ஆனால் அக்கோணலின் வேர் பல்வரிசையிலா, எலும்பிலா, காதருகே உள்ள தாடை மூட்டிலா என்பதைக் கண் மட்டும் சொல்லிவிடாது. மறைந்திருப்பதைக் காணும் வழியை உலகுக்குத் திறந்துவிட்டவர் ஜேர்மனியப் பௌதிகவியலாளர் வில்ஹெல்ம் கொன்ராட் றொன்ட்ஜன். அவரது வாழ்வை நினைவுகூர்வது இம்மாவட்டப் பெற்றோருக்கும் பயன் தரும் என்று கருதுகிறோம்.

1845 மார்ச் 27ஆம் திகதி லெனெப் என்ற ஊரில் ஒரு துணி வணிகரின் ஒரே மகனாக அவர் பிறந்தார். நெதர்லாந்தில் வளர்ந்தார். ஆசிரியர் ஒருவரைக் கேலிசெய்து சகமாணவன் வரைந்த சித்திரத்துக்காக, வரைந்தவனைக் காட்டிக்கொடுக்க மறுத்த றொன்ட்ஜன் பாடசாலையிலிருந்து விலக்கப்பட்டார். பாடசாலைச் சான்றிதழ் இல்லாத காரணத்தால் பல்கலைக்கழகக் கதவுகள் அவருக்கு மூடப்பட்டன. நுழைவுத் தேர்வின் மூலம் சூரிச் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்து 1869இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அதே குறையைக் காரணங்காட்டி வூர்ஸ்பேர்க் பல்கலைக்கழகம் அவரை விரிவுரையாளராக ஏற்க மறுத்தது. அப்பல்கலைக்கழகமே 1888இல் அவரைப் பேராசிரியராக அழைத்தது.

1895 நவம்பர் 8ஆம் திகதி மாலை, கறுப்பு அட்டையால் மூடிய மின்குழாயொன்றை இயக்கியபோது, சற்றுத் தொலைவில் இருந்த இரசாயனம் பூசிய திரை ஒளிர்வதை அவர் கண்டார். ஏறக்குறைய ஏழு வாரங்கள் ஆய்வுகூடத்திலேயே கழித்து அதைச் சோதித்தார். டிசம்பர் 22ஆம் திகதி மனைவி அன்னா பேர்த்தாவின் கையைப் படம்பிடித்தார். விரலெலும்புகளும் மோதிரமும் அதிலே தெரிந்தன. இன்னதென்று அறியப்படாத அக்கதிருக்கு எக்ஸ் என்று பெயரிட்டார்.

சில வாரங்களிலேயே, 1896 ஜனவரியில், ஜேர்மனியப் பல் வைத்தியர் ஓட்டோ வால்கொப் தம் வாயினுள் தகடு வைத்து 25 நிமிடங்கள் கதிரேற்றுப் பற்களைப் படம்பிடித்தார். 1931இல் அமெரிக்காவில் ஹொலி புரோட்பென்ற்றும் ஜேர்மனியில் ஹொப்ராத்தும் தனித்தனியே, தலையை ஒரே நிலையில் ஒரே தூரத்தில் நிறுத்திப் படம் எடுக்கும் முறையை வகுத்தனர். இதனால் ஒரு பிள்ளையின் தாடை வளர்ச்சியை ஆண்டுக்காண்டு ஒப்பிடுதல் இயன்றது. முன்புறமிருந்து எடுத்த படத்தில் நடுக்கோடு வரைந்து, இடமும் வலமும் எவ்வளவு வேறுபடுகின்றன என்று அளக்கவும் இயன்றது. 1971இல் கொட்பிரி ஹவுன்ஸ்பீல்டின் கணினித் துணைகொண்ட வெட்டுமுகப் படமுறை முதன்முதலாக நோயாளி ஒருவருக்குப் பயன்பட்டது. 1990களின் பிற்பகுதியில் பல் மருத்துவத்துக்கென்றே கூம்புக்கதிர்க் கருவிகள் வந்தன. இன்று தாடையை முப்பரிமாணத்தில் கணினித் திரையில் திருப்பிப் பார்த்து, சத்திரசிகிச்சையை முன்கூட்டியே ஒத்திகை பார்க்க முடிகின்றது.

இதன் பயன் வெறும் அழகு சார்ந்ததன்று. பற்கள் சரியாகப் பொருந்தாமையால் மட்டும் தாடை ஒருபுறம் நகர்கின்ற பிள்ளைக்கு, மேல் தாடையை விரிக்கும் எளிய கருவியே போதுமானதாக இருக்கலாம். மூட்டு எலும்பு ஒருபுறம் மிகையாக வளர்வதே காரணமாயின், அவ்வளர்ச்சி நின்றுவிட்டதா என்று அறியாமல் சத்திரசிகிச்சை செய்தால் கோணல் மீண்டும் தோன்றக்கூடும். சிறுவயதில் நாடி அடிபட விழுந்து மூட்டு முறிந்த பிள்ளைக்குக் காயம் ஆறியபின்னரும் அப்பக்க வளர்ச்சி குன்றலாம். வாய் திறப்பதே கடினமாகலாம். மூன்றும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலத் தெரிபவை. சிகிச்சையோ மூன்றுக்கும் வேறு வேறு.

கதிருக்கு மறுபக்கமும் உண்டு. அமெரிக்கப் பல் வைத்தியர் எட்மண்ட் கெல்ஸ் அக்கதிர்களோடு நெடுங்காலம் பழகியதால் விரல்களையும் பின்னர் கையையும் இழந்தார். ஆகவே வளரும் பிள்ளைக்குத் தேவையான படம் மட்டுமே எடுக்கப்பட வேண்டும். முதற் பரிசோதனைக்கும் தொடர் கண்காணிப்புக்கும் கதிரற்ற ஒளிப்படங்களே பலவேளை உதவும்.

1901இல் பௌதிகவியலுக்கான முதலாவது நோபல் பரிசு றொன்ட்ஜனுக்குக் கிடைத்தது. பரிசுத் தொகையை அவர் வூர்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்துக்கே அளித்தார். கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கோரவில்லை. அது மனிதகுலம் முழுமைக்கும் உரியது என்று அவர் கருதினார். 1919இல் மனைவியை இழந்த அவர், உலகப் போருக்குப் பிந்திய பணவீக்கத்தில் சேமிப்பும் கரைந்துபோக, 1923 பெப்ரவரி 10ஆம் திகதி மியூனிக்கில் புற்றுநோயால் காலமானார்.

விலை பேசாமல் வழங்கப்பட்ட இக்கொடை, திருகோணமலையின் மீனவர் குடியிருப்பிலும் துறைமுகத் தொழிலாளியின் வீட்டிலும் வளரும் பிள்ளைக்கு உரிய வயதில் கிடைக்கின்றதா என்பதே எமது கேள்வி. இங்கிருந்து பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்கு ஏறத்தாழ 180 கிலோமீற்றர். நாட்கூலிக்குச் செல்லும் தந்தைக்கு ஒவ்வொரு பயணமும் ஒருநாள் வருமானத்தின் இழப்பாகும். கோணலைத் தலைவிதியென்று விட்டுவிடும் பெற்றோரைக் குறைகூறிப் பயனில்லை. பாடசாலைப் பற்சிகிச்சை நிலையங்களில் பற்சொத்தையோடு முகத்தின் சமநிலையும் பார்க்கப்பட வேண்டும். நாடியில் அடிபட்ட பிள்ளைகள் தொடர்ந்து கண்காணிக்கப்பட வேண்டும். மாவட்டத்தில் எடுக்கும் படங்களைத் தொலைவிலுள்ள நிபுணருக்கு அனுப்பி ஆலோசனை பெறும் ஒழுங்கும் வலுப்பெற வேண்டும்.

நவம்பர் 8 ஆண்டுதோறும் உலகக் கதிரியல் தினமாக நினைவுகூரப்படுகின்றது. சகமாணவனைக் காட்டிக்கொடுக்காத அந்த மனிதர் தம் கண்டுபிடிப்பை எவருக்கும் மறைக்கவுமில்லை. அது எட்டாத பிள்ளை ஒன்றேனும் இம்மாவட்டத்தில் இருக்குமாயின், குறை அவருடையதன்று, எம்முடையதே.