உண்ணியைத் தேடிய மருத்துவர் தியோபால்ட் ஸ்மித்

மாடு என்ற சொல்லுக்குச் செல்வம் என்றொரு பொருளும் உண்டு என்று தமிழ் வகுப்பில் படித்திருக்கிறோம் அல்லவா, தோழியரே? அந்தச் செல்வத்தைக் கூட்டங்கூட்டமாக அழித்த ஒரு காய்ச்சலின் காரணத்தைக் கண்டு உலகுக்குச் சொன்ன பேரறிஞர் தியோபால்ட் ஸ்மித்.

இவர் 1859ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் அமெரிக்காவிலுள்ள ஆல்பனி நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர்கள். 1883இல் மருத்துவப் பட்டம் பெற்ற இவர், நோயாளிகளைப் பார்த்துப் பொருள் ஈட்டச் செல்லாமல், மறு ஆண்டே வாஷிங்டனில் அரசாங்கக் கால்நடைத் துறையில் ஆராய்ச்சிப் பணியில் சேர்ந்தார்.

அக்காலத்தில் டெக்ஸாஸ் முதலிய தென் மாநிலங்களிலிருந்து மாடுகளை வடக்கே ஓட்டிச் சென்று விற்பது வழக்கம். அந்த மாடுகளுக்கு ஒரு நோயும் இராது. ஆனால் அவை நடந்து போன புல்வெளியில் சில வாரங்களுக்குப் பின் மேய்ந்த வடநாட்டு மாடுகள் கடுங்காய்ச்சல் கண்டு, சிறுநீர் சிவந்து, துவண்டு விழுந்து இறந்தன. மிசௌரி விவசாயிகள் துப்பாக்கியும் கையுமாக நின்று மந்தைகளைத் திருப்பி அனுப்பினர். உண்ணிதான் காரணம் என்று மாட்டுக்காரர்கள் சிலர் கூறினர். கற்றவர்களோ அதைக் கேட்டு நகைத்தனர்.

ஸ்மித் நகைக்கவில்லை. 1889 முதல் கால்நடை மருத்துவர் கில்போர்னுடன் சேர்ந்து அதைச் சோதிக்கத் தொடங்கினார். ஒரு பட்டியில் உண்ணியோடு கூடிய தென்னாட்டு மாடுகளையும் வடநாட்டு மாடுகளையும் சேர்த்து விட்டனர், காய்ச்சல் வந்தது. மற்றொன்றில் தென்னாட்டு மாடுகளின் உடலிலிருந்து உண்ணிகளை எல்லாம் பொறுக்கிவிட்டுச் சேர்த்தனர், காய்ச்சல் வரவில்லை. இன்னொன்றில் தென்னாட்டு மாடே இல்லாமல், புல்லில் உண்ணிகளை மட்டும் தூவினர். வடநாட்டு மாடுகள் நோயில் விழுந்தன. சோதனை எளிதுதான். ஆனால் கடுகளவு உண்ணியையும் விடாமல் நாள்தோறும் கையால் பொறுக்குவதென்றால் எவ்வளவு பொறுமை வேண்டும்!

நோயுற்ற மாட்டின் இரத்தத்தை நுண்பெருக்கியில் நோக்கியபோது, சிவப்பணுக்களுக்குள் பேரிக்காய் வடிவத்தில் இரண்டிரண்டாய் ஒட்டுயிரிகள் தென்பட்டன. அவை அணுக்களை உடைத்ததால்தான் சிறுநீர் சிவந்தது.

ஆனால் ஒரு புதிர் எஞ்சி நின்றது. இந்த உண்ணி தன் வாழ்நாள் முழுவதும் ஒரே மாட்டில் ஒட்டியிருப்பது. அப்படியானால் அடுத்த மாட்டுக்கு நோய் எப்படிப் போகும்? இரத்தம் குடித்து உப்பிய தாய் உண்ணி கீழே விழுந்து புல்லில் முட்டையிடும். அம்முட்டைகளை ஆய்வுக்கூடத்தில் பொரிக்க வைத்து, குஞ்சு உண்ணிகளை நலமுள்ள மாட்டின்மீது விட்டார் ஸ்மித். காய்ச்சல் வந்தது! நோய் தாயிடமிருந்து முட்டை வழியே குஞ்சுக்குச் சென்றிருந்தது. வடநாட்டு மாடுகள் சில வாரங்கள் கழித்தே இறந்ததன் காரணமும் விளங்கியது. தென்னாட்டு மாடுகளோ கன்றுப் பருவத்திலேயே கடிபட்டு, நோயைத் தாங்கும் வலிமை பெற்றவை.

1893இல் இந்த ஆராய்ச்சி வெளியாயிற்று. இரத்தம் குடிக்கும் பூச்சியினம் ஓரணு ஒட்டுயிரியைச் சுமந்து நோய் பரப்புகிறது என்பதற்கு இதுவே முதற் சான்று. நம் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டது அதற்குப் பின், 1897இல்தான்.

பன்றிகளிடம் ஸ்மித் கண்ட வேறொரு கிருமிக்கு அவருடைய மேலதிகாரி சால்மனின் பெயரால் சால்மொனெல்லா என்று பெயர் வழங்குகிறது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை! அவர் அதைப் பொருட்படுத்தாமல் 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் சென்று, மனிதரின் காசநோய்க் கிருமி வேறு, மாட்டின் கிருமி வேறு என்று 1898இல் பிரித்துக் காட்டினார். 1934 டிசம்பர் 10ஆம் நாள் காலமானார்.

அமெரிக்காவில் 1906 முதல் மாடுகளை மருந்துத் தொட்டியில் முக்கி எடுத்து உண்ணியை ஒழிக்கலாயினர். அப்பணி 1943இல்தான் முடிந்தது. மெக்சிகோ எல்லையில், ரியோ கிராண்டே ஆற்றோரம், குதிரைமீது சுற்றும் காவலர்கள் ஆற்றைக் கடந்து வரும் மாடுகளைப் பிடித்து, உண்ணி இருக்கிறதா என்று இன்றும் தடவிப் பார்க்கின்றனர்.