பூட்டுத் தொழிலாளி மகன் போட்ட மின்சாரக் கணக்கு

ஜெர்மனியில் எர்லாங்கன் நகரில் 1789-ம் ஆண்டு பிறந்தவர், ஜார்ஜ் சைமன் ஓம். தந்தை பூட்டுத் தொழிலாளி. தானே படித்து, மகனுக்கும் கணிதம் சொல்லிக் கொடுத்தார்.

ஓம், கொலோன் நகரில் ஆசிரியர் ஆனார். கம்பிகளில் மின்சாரத்தைச் செலுத்திச் சோதித்தார். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும் என்று கண்டார். இதை 1827-ல் நூலாக வெளியிட்டார்.

அறிஞர்கள் பலர் ஏற்கவில்லை. மனம் உடைந்து, வேலையை விட்டார். 1833-ல்தான் நூரம்பர்க்கில் நல்ல பதவி கிடைத்தது.

தேடி வந்த புகழ்

1841-ல் லண்டன் ராயல் சங்கம் காப்ளி பதக்கம் அளித்தது. 1854-ல் காலமானார். மின்தடையின் அளவுக்கு 1881-ல் அவர் பெயரே சூட்டப்பட்டது.

கிருஷ்ணன்கோவிலில் பொறியியல் படிக்கும் மாணவர்களுக்கும் அவர் விதியே பாலபாடம். 230 வோல்ட்டில் 2 ஆம்பியர் பாயும் இஸ்திரிப் பெட்டியின் மின்தடை, 115 ஓம். இரண்டையும் பெருக்கினால் மின்திறன், 460 வாட்!