கிருமிக்கு எமன்!



மேட்டூர் அணை திறந்து, கல்லணை தாண்டி, நம் ஊர் வாய்க்காலுக்குப் புதுத்தண்ணீர் வந்ததும் ஓடிப்போய் வேடிக்கை பார்ப்பீர்கள் அல்லவா? செம்மண் நிறத்தில் நுரைத்து ஓடும் அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத எத்தனையோ கிருமிகள் அதில் இருக்கும். அந்தக் கிருமிகளைக் கொல்லும் அதைவிடச் சிறிய எமன்களும் அதிலேயே இருக்கும்! அந்த எமனைக் கொண்டு நோயை விரட்ட முடியும் என்று காட்டியவரின் கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

அவர் பெயர் பெலிக்ஸ் டி ஹெரெல். 1873ஆம் ஆண்டு பாரீஸ் நகரில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். மருத்துவக் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றவர் அல்லர். புத்தகங்களைப் படித்தும், வீட்டிலேயே சோதனைகள் செய்தும் நுண்ணுயிர்களைப் பற்றிக் கற்றுக்கொண்டார்.

வேலை தேடிக் கடல் கடந்து போனார். மெக்சிகோ நாட்டில் ஒருமுறை வெட்டுக்கிளிகள் கூட்டம் கூட்டமாக வந்து பயிரை அழித்தன. அவற்றில் சில வயிற்றுப்போக்கு வந்து செத்துக் கிடந்தன. அந்த நோய்க்குக் காரணமான பாக்டீரியாவை எடுத்துக் கண்ணாடித் தட்டில் வளர்த்தார். தட்டு முழுவதும் பாக்டீரியா படர்ந்திருக்க, நடுவில் சில இடங்கள் மட்டும் வட்டமாகத் தெளிந்து கிடந்தன. வேறு யாராவது பார்த்திருந்தால் தட்டைக் கழுவி வைத்திருப்பார்கள். இவரோ, ஏன் என்று யோசித்தார்.

விடை கிடைக்கச் சில ஆண்டுகள் ஆயின. 1915இல் முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, பிரெஞ்சுப் படைவீரர்களிடையே சீதபேதி பரவியது. நோயாளியின் மலத்தைக் கரைத்து, பாக்டீரியாகூட நுழைய முடியாத பீங்கான் வடிகட்டியில் வடித்தார். அந்த நீரைச் சீதபேதிக் கிருமி வளரும் கலங்கலான திரவத்தில் விட்டார். மறுநாள் கலங்கல் தெளிந்துவிட்டது. கிருமிகள் அத்தனையும் அழிந்திருந்தன!

வடிகட்டியைத் தாண்டி வந்தது, பாக்டீரியாவையே தாக்கும் ஒரு வைரஸ். அது பாக்டீரியாவின் மேல் ஒட்டிக்கொண்டு, தன் மரபுப்பொருளை உள்ளே செலுத்தும். உள்ளே அதைப் போலவே பல வைரஸ்கள் உருவாகும். கடைசியில் பாக்டீரியா வெடித்துச் சாகும். இதற்கு அவர் பாக்டீரியோபேஜ் என்று பெயரிட்டு 1917இல் உலகுக்கு அறிவித்தார். பாக்டீரியாவைத் தின்பது என்பது அதன் பொருள். இங்கிலாந்தைச் சேர்ந்த பிரெடெரிக் டுவார்ட் என்பவரும் 1915லேயே இதைப் போன்ற ஒன்றைக் கண்டு எழுதியிருந்தார்.

இதை மனிதனுக்குக் கொடுக்கலாமா? ஆபத்து வந்தால் என்ன செய்வது? டி ஹெரெல் முதலில் தானே குடித்துப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. 1919இல் பாரீஸ் மருத்துவமனையில் கடுமையான சீதபேதியால் துடித்த 12 வயதுச் சிறுவனுக்குக் கொடுத்தார். ஆம், உங்கள் வயதுப் பையன்தான். சில நாட்களில் அவன் குணமடைந்தான்!

குழந்தைகளே, அந்தக் காலத்தில் காலரா என்றாலே நம் நாட்டில் ஊரே நடுங்கும். காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் இருக்க மாட்டார். 1927இல் டி ஹெரெல் இந்தியாவுக்கு வந்தார். காலரா நோயாளிகளுக்குப் பேஜ் மருந்து கொடுத்தும், பஞ்சாப் பகுதிக் கிராமக் கிணறுகளில் அதைக் கலந்தும் சோதித்தார். மருந்து பெற்றவர்களில் இறந்தவர்கள் குறைவாகவே இருந்தனர்.

ஆனால், எல்லா இடத்திலும் வெற்றி கிட்டவில்லை. ஒரு வகைப் பேஜ் குறிப்பிட்ட பாக்டீரியாவை மட்டுமே கொல்லும். பூட்டுக்கு ஏற்ற சாவி வேண்டும் அல்லவா? சரியான பேஜைத் தேர்ந்தெடுக்காமல் விற்ற மருந்துகள் பலன் தரவில்லை. மக்களின் நம்பிக்கை குறைந்தது. 1940களில் பென்சிலின் பரவலாகக் கிடைத்ததும், பல நாடுகள் பேஜை மறந்தன. நோபல் பரிசுக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் அது கிடைக்காமலே, 1949இல் டி ஹெரெல் மறைந்தார். அவர் நண்பர் ஜார்ஜ் எலியாவா ஜார்ஜியா நாட்டில் தொடங்கிய ஆய்வு நிலையம் இந்த மருத்துவத்தைக் கைவிடவில்லை.

இன்று நிலைமை மாறிவிட்டது. கண்டபடி மாத்திரை விழுங்கியதால், பல கிருமிகள் மருந்துக்கு அடங்க மறுக்கின்றன. எனவே, விஞ்ஞானிகள் மீண்டும் பேஜைத் தேடுகிறார்கள். நம் நெற்பயிரைத் தாக்கும் பாக்டீரியா இலைக்கருகல் நோயைப் பேஜ் கொண்டு தடுக்க முடியுமா என்றும் ஆராய்கிறார்கள்.

அதற்காக வாய்க்கால் தண்ணீரைக் குடித்துவிடாதீர்கள்! காய்ச்சி ஆறிய நீரே நல்லது. மருத்துவர் ஐந்து நாள் மருந்து தந்தால், இரண்டு நாளில் சரியாகிவிட்டது என்று நிறுத்தாதீர்கள். அடுத்த முறை எங்காவது ஒரு சிறு வட்டம் தெளிந்து கிடந்தால், கழுவிவிடும் முன் ஏன் என்று கேளுங்கள். டி ஹெரெல் அப்படிக் கேட்டதால்தான் ஒரு சிறுவன் பிழைத்தான்.