கேள்வி கேட்ட மருமகன்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், ஆனால் டெக்னிக்கலாக எழுதி உயிரை வாங்கக் கூடாது என்பது சங்கச் செயலாளரின் உத்தரவு. அதனால் கான்கிரீட்டை விட்டுவிட்டு ஒரு மனிதரைப் பற்றி எழுதுகிறேன்.

நம்மில் முக்கால்வாசிப் பேர் முதல் சம்பளம் வாங்கிய கையோடு எல்.ஐ.சி. பாலிசியில் கையெழுத்துப் போட்டவர்கள்தான். அந்த எல்.ஐ.சி. பிறந்ததிலும், பிறந்த பத்தாவது மாதமே அதன் பணம் தப்பான இடத்துக்குப் போனதை வெளியே கொண்டு வந்ததிலும் பெரோஸ் காந்திக்குப் பெரிய பங்கு உண்டு. இந்திரா காந்தியின் கணவர், ராஜீவின் அப்பா என்பதோடு நாம் அவரை மறந்துவிட்டோம். மகாத்மாவுக்கு உறவா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இல்லை, அவர் பார்சி.

1912 செப்டம்பர் 12-ல் பம்பாயில் பிறந்து, அலகாபாத்தில் டாக்டராக இருந்த அத்தையிடம் வளர்ந்தவர். 1930-ல் அவர் படித்த ஈவிங் கிறிஸ்தவக் கல்லூரி வாசலில் பெண்கள் மறியல் செய்தபோது, கமலா நேரு வெயில் தாங்காமல் மயங்கி விழுந்தார். உதவிக்கு ஓடிய பெரோஸ் அதோடு போராட்டத்திலேயே சேர்ந்துவிட்டார். அப்புறம் ஜெயில், லண்டனில் படிப்பு, 1942 மார்ச்சில் கல்யாணம், அதே வருஷம் மறுபடியும் ஜெயில். சுதந்திரத்துக்குப் பின் நேஷனல் ஹெரால்டு பத்திரிகையின் நிர்வாகம். 1952 தேர்தலில் ரேபரேலி தொகுதி எம்.பி.

மாமனார் பிரதமர். வேறு ஒருவராக இருந்தால் அந்த உறவை வைத்தே வாழ்க்கையை ஓட்டியிருப்பார். இவரோ பின்வரிசையில் உட்கார்ந்து ஃபைல்களைப் படித்தார். 1955 டிசம்பரில் எழுந்து, பாரத் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பாலிசிதாரர் பணத்தை டால்மியா குழுமம் எப்படிச் சுற்றி விட்டது என்று கணக்கு வாரியாக எடுத்து வைத்தார். டால்மியா பிறகு சிறைக்குப் போனார். 1956 ஜனவரியில் ஆயுள் காப்பீடு அரசுடைமையானது. 245 நிறுவனங்களைச் சேர்த்து, அந்த வருஷம் செப்டம்பர் 1-ல் எல்.ஐ.சி. உருவானது.

1956-லேயே இன்னொரு காரியமும் செய்தார். அதுவரை சபையில் எம்.பி. எதையும் பேசலாம், அதை அப்படியே அச்சில் போட்ட பத்திரிகை மேல் கேஸ் போடலாம்! கெட்ட நோக்கம் இல்லாமல் உள்ளபடி வெளியிடும் சபைச் செய்திக்குப் பாதுகாப்பு தரும் சட்டத்தைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டு வந்து நிறைவேற்றினார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 1957 ஜூனில் கல்கத்தா வியாபாரி ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு கம்பெனிகளில் எல்.ஐ.சி. சுமார் 1 கோடியே 24 லட்சம் ரூபாய்க்குப் பங்குகள் வாங்கியது. ரிச்சர்ட்சன் அண்ட் குரூடாஸ், ஜெஸ்ஸப் எல்லாம் அதில் உண்டு. இரும்பு வேலை பார்க்கிற நம்ம ஆட்களுக்குப் பழகிய பெயர்கள். முந்த்ரா கடனில் மூழ்கிக்கொண்டிருந்த நேரம். எல்.ஐ.சி.யின் முதலீட்டுக் குழுவைக் கேட்கவே இல்லை. விலையோ சந்தை விலைக்கும் மேலே.

1957 டிசம்பர் 16-ல் லோக்சபாவில் பெரோஸ் இதைப் பிரித்து மேய்ந்தார். எந்தப் பங்கு எந்தத் தேதியில் என்ன விலை, திடீரென்று ஏன் ஏறியது, அந்த விலைக்கு ஏன் வாங்கினீர்கள் என்று வரிசையாகக் கேள்விகள். நிதியமைச்சருக்கும் அவருடைய செயலாளருக்கும் நடந்த ரகசியக் கடிதப் போக்குவரத்தே அவர் கையில் இருந்தது. நிதியமைச்சர் யார்? நம்ம சென்னைக்காரர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. ஆழ்வார்பேட்டை டி.டி.கே. சாலை அவர் பெயரில் இருப்பதுதான். ஆளும் கட்சி எம்.பி. ஆளும் கட்சி அமைச்சரை, பிரதமரின் மருமகன் பிரதமருக்கு வேண்டியவரை, நிற்க வைத்துக் கேட்கிறார். சபை எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள்.

அரசு விசாரணைக்கு இறங்கி வந்தது. பம்பாய் ஹைகோர்ட் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா ஒருவரே கமிஷன். 1958 ஜனவரியில் நியமனம்; பிப்ரவரி 10-ல் அறிக்கை ரெடி! விசாரணை பகிரங்கமாக நடந்தது. உள்ளே இடமில்லாமல் வெளியே நின்றவர்களுக்கு ஒலிபெருக்கி கட்டினார்கள். இன்று கமிஷன் என்றாலே வருஷக்கணக்கு என்று நினைக்கிற நமக்கு இது ஆச்சரியம்தான்.

அமைச்சரிடம் பேசிவிட்டுத்தான் செய்தேன் என்றார் செயலாளர் எச்.எம். படேல். நான் சம்மதம் கொடுக்கவில்லை என்றார் அமைச்சர். நம் தொழிலில் டிராயிங்கில் கையெழுத்துப் போட்டவன் மாட்டுவான், ஜூனியர் வரைஞ்சான்னு தப்பிக்க முடியாது. இங்கே கையெழுத்தே இல்லை, எல்லாம் வாய்ப்பேச்சு. கல்கத்தா பங்குச் சந்தையைக் காப்பாற்றத்தான் வாங்கினோம் என்ற சமாதானத்தை சாக்ளா ஏற்கவில்லை. செயலாளர் செய்ததற்கு அமைச்சர்தான் சபைக்குப் பொறுப்பு, தெரியாது என்று ஒதுங்க முடியாது என்று முடித்தார். டி.டி.கே. ஒரு பைசா வாங்கினார் என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனாலும் அந்த பிப்ரவரியிலேயே ராஜினாமா செய்தார். அவருக்கு இதில் பங்கு மிகக் குறைவு என்பதுதான் நேருவின் எண்ணம். அந்த வருஷ பட்ஜெட்டை நேருவே படிக்க வேண்டியதாயிற்று.

சோஷலிசம் பேசி தனியாரைத் திட்டியவர் என்று மட்டும் பெரோஸை ஒதுக்கிவிட முடியாது, எல்.ஐ.சி. அரசு நிறுவனம்தானே! அதே சமயம் சொந்தச் சமூகத்தையும் விடவில்லை. டாடாவின் டெல்கோ ரயில் என்ஜினுக்கு ஜப்பான் விலையைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வாங்குகிறது, அரசுடைமை ஆக்குங்கள் என்றார். பார்சிகளுக்குக் கோபம் வந்தது.

வீட்டில் என்ன விலை கொடுத்தார் என்பதை வெளியிலிருந்து முழுக்கச் சொல்ல முடியாது. இந்திரா தீன்மூர்த்தி பவனில் அப்பாவோடு; இவர் எம்.பி. குவார்ட்டர்ஸில். 1960 செப்டம்பர் 8-ல் டெல்லி வெலிங்டன் ஆஸ்பத்திரியில் மாரடைப்பால் இறந்தார். நாற்பத்தெட்டு முடிய நாலு நாள் பாக்கி.

அவர் கொண்டு வந்த பத்திரிகைப் பாதுகாப்புச் சட்டத்தை, அவசரநிலைக் காலத்தில் அவர் மனைவியின் அரசே 1976-ல் ரத்து செய்தது. 1977 தேர்தலில் இந்திரா தோற்றது பெரோஸின் பழைய ரேபரேலியில். அடுத்து வந்த ஜனதா அரசு சட்டத்தைத் திரும்பக் கொண்டு வந்தது. அந்த அரசின் நிதியமைச்சர் யார் தெரியுமா? முந்த்ரா விவகாரத்தில் வேலையை விட்டுப் போன அதே எச்.எம். படேல்.