மெழுகில் பதிந்த குழலோசை

ஆல்பர்ட் சுவைட்சரின் பெயர் தமிழ் கற்றோர்க்குப் புதிதன்று. இந்தியச் சிந்தனையாளர்களின் உலக நோக்குப் பற்றி 1935-இல் அவர் செருமன் மொழியில் வெளியிட்ட நூலில் திருக்குறளுக்கு மிக உயர்ந்த இடம் அளித்தார். அதனால் குறள் விழா மேடைகளில் அவர் பெயர் தொடர்ந்து ஒலித்து வருகிறது. ஆப்பிரிக்கக் காட்டில் நோயாளர்க்குத் தொண்டு செய்த மருத்துவர் என்பதையும், அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர் என்பதையும் பலரும் அறிவர். ஆனால் அந்நூல் வெளிவந்த அதே ஆண்டின் டிசம்பர்த் திங்களில், இலண்டன் நகரின் தொன்மையான தேவாலயம் ஒன்றில் ஆர்கன் என்னும் பெருங்குழற் கருவியின்முன் அமர்ந்து, இருநூறு ஆண்டுப் பழமையுடைய இசையை அவர் மெழுகுத் தட்டுகளில் பதிய வைத்துக்கொண்டிருந்தார் என்பது பரவலாக அறியப்படாத செய்தி. சுவைட்சர் தம் வாழ்வில் எதைத் துறந்தார், துறந்தது எவ்வாறு அவரிடம் திரும்பி வந்தது என்பதை அந்நிகழ்ச்சி காட்டும்.

இளமையும் இசையும்

1875 சனவரி 14 அன்று, அக்காலத்தில் செருமானியப் பேரரசின் பகுதியாயிருந்த அல்சாசு நாட்டின் கைசர்சுபெர்க் என்னும் சிற்றூரில் சுவைட்சர் பிறந்தார். தந்தை லூயி சுவைட்சர் லுத்தரன் சபைப் போதகர். சில மாதங்களிலேயே குடும்பம் குன்சுபாக் என்னும் மலைப்பள்ளத்தாக்குக் கிராமத்திற்குக் குடிபெயர்ந்தது. தாய்வழிப் பாட்டனார் ஆர்கன் கருவிகளில் பெரும் பற்றுடையவர். எங்கேனும் புதிய ஆர்கன் கட்டப்படுகிறது என்று கேட்டால், அவ்விடம் சென்று காணாமல் இருக்கமாட்டார். அந்தப் பற்று பேரனுக்கும் வாய்த்தது. ஐந்து வயதில் பியானோவில் விரல் வைத்த சிறுவன், ஒன்பது வயதில் ஊர்த் தேவாலயத்தின் ஆர்கன் இசைஞருக்கு மாற்றாக அமர்ந்து வழிபாட்டுப் பாடல்களுக்கு வாசித்தான்.

முல்கவுசு நகரில் பள்ளிப் படிப்பின்போது ஆய்கன் முன்சு என்பாரிடம் ஆர்கன் பயின்றார். 1893-இல், பதினெட்டாம் வயதில், பாரிசு நகரில் சார்லசு மரி விடோரின் மாணவரானார். அவ்வாண்டிலேயே ஸ்ட்ராஸ்பூர் பல்கலைக்கழகத்திலும் சேர்ந்து இறையியலும் மெய்யியலும் கற்றார்.

ஆசிரியருக்கே மாணவர் ஒன்றைக் கற்பித்த நிகழ்ச்சி 1899-இல் நேர்ந்தது. செருமன் இசை மேதை யோகான் செபஸ்தியான் பாக், வழிபாட்டுப் பாடல்களின் மெட்டுகளை அடிப்படையாகக் கொண்டு ஆர்கனுக்கென இயற்றிய கோரல் முன்னிசைகளில் சில இடங்கள் விடோருக்குப் பொருள் விளங்காதனவாய் இருந்தன. பிரெஞ்சுக்காரரான அவர் அவற்றின் மெட்டை அறிந்திருந்தாரேயன்றிப் பாடலை அறிந்திருக்கவில்லை. இளமை முதலே அப்பாடல்களைப் பாடி வளர்ந்த சுவைட்சர், ஒவ்வொன்றின் சொற்பொருளையும் எடுத்துரைத்தார். சாகித்தியத்தின் கருத்தறிந்தபின் கீர்த்தனையின் சங்கதிகள் துலங்குவதுபோல, அந்த இசை விடோருக்குத் துலங்கிற்று. அந்த உரையாடலின் விளைவாகப் பாக்கைக் கவிஞராகக் காணும் பெருநூல் 1905-இல் பிரெஞ்சு மொழியிலும், மேலும் விரிந்த வடிவில் 1908-இல் செருமன் மொழியிலும் வெளிவந்தது.

பழைய குழல்களுக்காக

அந்நாளில் ஐரோப்பாவெங்கும் தேவாலயங்களின் பழைய ஆர்கன்கள் கழற்றி எறியப்பட்டு, தொழிற்சாலைகளில் செய்யப்பட்ட புதிய கருவிகள் நிறுவப்பட்டு வந்தன. உரத்து ஒலிப்பதே சிறப்பு என்று கருதப்பட்டது. மிகுந்த காற்றழுத்தத்தால் முழங்கிய அக்கருவிகளில், பல குரல்கள் ஒன்றோடொன்று பின்னிச் செல்லும் பாக்கின் இசை குழம்பிப் போவதைச் சுவைட்சர் கண்டார். பழைய கருவிகளிலோ ஒவ்வொரு குரலும் தனித்தனியே செவிக்குத் தெளிந்தது. 1906-இல் செருமானிய, பிரெஞ்சு ஆர்கன் கலையை ஒப்பிட்டுச் சிறுநூல் ஒன்றை எழுதினார். ஆர்கன் கட்டுவோரிடையே அது எதிர்ப்பையே கிளப்பியது. எனினும் 1909-இல் வியன்னாவில் கூடிய பன்னாட்டு இசை மாநாட்டில், ஆர்கன் கட்டுமானத்திற்கான பொது நெறிமுறைகளை வகுப்பதில் அவர் முன்னின்றார். பழைய கருவி ஒன்றைக் காப்பதற்காக ஊர்ச் சபையாருக்கும் அதிகாரிகளுக்கும் எண்ணற்ற கடிதங்கள் எழுதினார். ஊர்தோறும் நேரில் சென்றும் வாதாடினார்.

துறவு

முப்பது வயது வரை கல்விக்கும் கலைக்கும் வாழ்வது, அதன்பின் துன்புறுவோர்க்கு நேரடித் தொண்டு செய்வது என்று 1896-ஆம் ஆண்டிலேயே அவர் தமக்குள் உறுதி செய்திருந்தார். முப்பதாம் வயதில் மருத்துவம் கற்கத் தொடங்கினார். உறவினரும் நண்பரும் தடுத்தனர்; விடோரும் கடிந்துகொண்டார். அவர் பின்வாங்கவில்லை. 1911-இல் மருத்துவத் தேர்வுக்குரிய கட்டணத்தை, மியூனிக் இசைவிழாவில் ஆர்கன் வாசித்துப் பெற்ற ஊதியத்தைக் கொண்டு செலுத்தினார். 1912-இல் எலன் பிரெசுலாவை மணந்தார். 1913-இல் இருவரும் மத்திய ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டில், ஒகோவே ஆற்றங்கரையிலுள்ள லம்பரேனேயை அடைந்தனர்.

இசை வாழ்வு அதனோடு முடிந்தது என்றே அவர் கருதினார். விரல்களும் கால்களும் பயிற்சியின்றித் துருப்பிடித்துப் போகட்டும் என்று விட்டுவிடுவதே துறவின் வேதனையைக் குறைக்கும் என்று எண்ணியிருந்தார். ஆனால் பாரிசு பாக் சங்கத்தார், ஆர்கனைப் போலவே கால்மிதிகள் பொருத்திய பியானோ ஒன்றை வெப்பநாட்டின் ஈரத்தைத் தாங்கும் வகையில் செய்வித்து, துத்தநாகம் வேய்ந்த பெட்டியில் அவருக்கு வழங்கியிருந்தனர். ஒரு நாள் மாலை அதில் பாக்கின் ஃபியூக் ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தபோது, காட்டின் தனிமையே இசையை ஆழ்ந்து கற்பதற்கு ஏற்ற இடம் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. அன்று முதல், மருத்துவமனைப் பணி முடிந்த ஓய்வு வேளைகளில் ஒவ்வோர் இசைப் படைப்பையும் மனப்பாடமாகும் வரை பயின்றார்.

முதல் உலகப் போர் அந்த வாய்ப்பையும் பறித்தது. செருமானியக் குடிமக்கள் என்ற காரணத்தால் கணவனும் மனைவியும் 1917-இல் பிரான்சுக்குக் கொண்டு செல்லப்பட்டுத் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டனர். அங்கே மேசையை விசைப்பலகையாகவும் தரையைக் கால்மிதிகளாகவும் பாவித்து, ஓசையே இல்லாத ஆர்கனில் சுவைட்சர் பயிற்சி செய்தார். போர் முடிந்தபின், ஆர்கன் கச்சேரிகளும் சொற்பொழிவுகளும் நூல்களும் ஈட்டித் தந்த பொருளே கடனைத் தீர்த்தது; 1924-இல் மீண்டும் லம்பரேனே சென்று மருத்துவமனையைக் கட்டியெழுப்பவும் துணை செய்தது. தொண்டிற்காகத் துறந்த கலையே தொண்டைத் தாங்கும் தூணாயிற்று.

இலண்டன் நகரில்

இசைத்தட்டு நிறுவனங்கள் அவரை நாடின. 1928-இல் இலண்டன் குயின்ஸ் மண்டபத்தில் முதற் பதிவுகள் நடந்தன. கச்சேரி மண்டபத்துக் கருவி அவர் உள்ளத்திலிருந்த ஒலிக்கு ஏற்றதாக இல்லை. 1935 இலையுதிர் காலத்தில் எடின்பரோவில் கிஃபோர்டு சொற்பொழிவுகளை நிகழ்த்தியபின், கொலம்பியா நிறுவனத்திற்காக அவர் அமர்ந்த இடம் ஒரு தேவாலயம். தேம்சு ஆற்றங்கரையில், இலண்டன் கோட்டையை அடுத்து நிற்கும் ஆல் ஹாலோஸ் தேவாலயமே அது. கி.பி. 675-இல் நிறுவப்பட்டதாக மரபு கூறும். கோட்டையருகே தலை துண்டிக்கப்பட்டோர் சிலரின் உடல்கள் இங்குக் கொணரப்பட்டன. 1666-ஆம் ஆண்டுப் பெருந்தீ நகரை விழுங்கியபோது, நாட்குறிப்பாளர் சாமுவேல் பீப்சு இதன் கோபுரத்தில் ஏறி நின்றே அந்த அழிவைக் கண்டார். சுற்றியிருந்த வீடுகள் தகர்க்கப்பட்டதால் தேவாலயம் அன்று தப்பியது.

இத்தகைய இடத்தில் ஒலிப்பதிவு செய்தல் எளிய செயலன்று. ஒலிவாங்கி கருவிக்கு மிக அருகில் இருந்தால், கல்மண்டபத்தின் கார்வை இழந்து ஓசை வறண்டுபோகும். மிகத் தொலைவில் இருந்தால், ஒரு சுரத்தின் எதிரொலி அடங்குமுன் அடுத்த சுரம் வந்து எல்லாம் கலங்கிவிடும். ஒலிவாங்கி பெற்ற ஓசையை, சுழலும் மெழுகுத் தட்டில் ஊசி வரியாகக் கீறும். ஒரு பக்கத்திற்கு ஏறத்தாழ நான்கரை நிமிடமே கிடைக்கும். நாடா முறை பரவாத காலமாதலால் வெட்டி ஒட்டித் திருத்த வழியில்லை. ஒரு விரல் தவறினாலும், தெருவில் ஒரு வண்டி கடகடத்தாலும், அது மெழுகில் ஏறிவிடும். அந்தப் பக்கம் முழுவதையும் மீண்டும் வாசிக்க வேண்டும். நீண்ட படைப்புகளையோ பாதியில் நிறுத்தி, அடுத்த தட்டில் அதே காலப்பிரமாணத்தில் தொடர வேண்டும். அறுபது வயதில் சுவைட்சர் இந்தக் கட்டுப்பாட்டிற்கு உட்பட்டு, டி மைனர் டொக்காட்டா, ஜி மைனர் ஃபாண்டசியா முதலிய பாக்கின் பெரும் படைப்புகளை அங்கே வாசித்தார்.

ஸ்ட்ராஸ்பூரில்

எஞ்சிய பதிவுகளை ஸ்ட்ராஸ்பூர் நகரத்துப் புனித அவுரேலியா தேவாலயத்தில் நடத்தலாம் என்பது அவர் தந்த யோசனை. சமயச் சீர்திருத்தக் காலத்தில் மார்ட்டின் பூட்சர் போதகராயிருந்த பழைய சபை அது. அங்கிருந்த ஆர்கன் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆந்திரேயாசு சில்பர்மான் கட்டியது. பாக் நேரில் அறிந்திருந்த காட்பிரீடு சில்பர்மானின் அண்ணனும், தம்பிக்குத் தொழில் கற்பித்தவரும் இவரே. முதல் உலகப் போருக்குச் சற்று முன்னர் பிரெடெரிக் ஹேர்ப்பர் என்னும் கைவினைஞர் அக்கருவியைச் செப்பனிட்டிருந்தார். 1936 அக்டோபரில் இரண்டு வாரம் பதிவு நடந்தது. ஒருகாலத்தில் விடோருக்குப் பொருள் விரித்துரைத்த கோரல் முன்னிசைகளைச் சுவைட்சர் இங்கே வாசித்தார். முப்பது ஆண்டுகளுக்கு முன் நூல்வழி வாதாடியதை, இப்போது எவரும் செவியால் கேட்டுத் தெளியும்படி சான்றாக வைத்தார்.

அவருடைய வாசிப்பு இன்றைய செவிக்கு மெதுவானதாகத் தோன்றும். பழங்கால இசையை அக்காலத்து முறைப்படியே வாசிக்க முயன்ற பிற்காலக் கலைஞர்கள் பலர் அவருடைய முடிவுகளினின்று விலகிச் சென்றனர். ஆயினும் பழைய இசையைப் பழைய கருவியில், அக்கருவி நிற்கும் கூரையின் கீழேயே கேட்கவேண்டும் என்ற கொள்கையில், அவர்கள் அவர் வகுத்த பாதையிலேயே நடந்தனர்.

எரிந்ததும் எஞ்சியதும்

1939-இல் ஐரோப்பாவுக்கு வந்த சுவைட்சர், போர் மூளும் என்று உணர்ந்து உடனே லம்பரேனேக்குத் திரும்பினார்; 1948 வரை அங்கேயே இருந்தார். 1940 டிசம்பரில் செருமானிய விமானங்கள் இலண்டன்மீது பொழிந்த குண்டுகளால் ஆல் ஹாலோஸ் தேவாலயம் எரிந்தது. கோபுரமும் சுவர்களும் நின்றன, கூரை வீழ்ந்தது, அவர் வாசித்த ஆர்கன் அழிந்தது. 1941 மே மாதத்தில் குயின்ஸ் மண்டபமும் எரிந்தது. ஆல் ஹாலோஸ் இடிபாட்டினிடையே, பல நூற்றாண்டுகளாக மறைந்திருந்த சாக்சன் காலத்து வளைவு ஒன்று வெளிப்பட்டது. 1957-இல் தேவாலயம் மீண்டும் எழுந்தது. புதிய ஆர்கனும் வந்தது. பழைய ஆர்கனின் குரலோ, 1935-இல் மெழுகில் கீறப்பட்ட வரிகளில் எஞ்சியது.

1950-களின் தொடக்கத்தில், தாம் வளர்ந்த குன்சுபாக் தேவாலயத்தில், தம் திட்டப்படி ஹேர்ப்பர் கட்டிய கருவியில் சுவைட்சர் மீண்டும் பதிவு செய்தார். 1952-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசுப் பணம் தொழுநோயாளர்க்கான குடியிருப்பாயிற்று. 1957-இல் அணு ஆயுதச் சோதனைகளுக்கு எதிராக ஒஸ்லோ வானொலி வழியே உலக மனச்சாட்சிக்கு முறையிட்டார். ஆப்பிரிக்க மக்களை இளையோராகப் பாவித்த அவருடைய மனப்போக்கும், மருத்துவமனையின் பழைய நடைமுறைகளும் கண்டனத்திற்கு உள்ளாயின. அக்கண்டனத்தில் உண்மை உண்டு. அதை மறைப்பது அவர் வாழ்வுக்குப் பெருமை சேர்ப்பதாகாது.

1965 செப்டம்பர் 4 அன்று, தொண்ணூறாம் வயதில், லம்பரேனேயில் அவர் உயிர் நீத்தார். ஒகோவே ஆற்றங்கரையிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய இசைத்தட்டுகள் பின்னர் நெடுநேரத் தட்டுகளாகவும் குறுந்தகடுகளாகவும் வடிவம் மாறின. அவற்றில் ஊசியின் உரசல் ஒலிக்கும். சுரங்களுக்குப் பின்னால் கல்மண்டபத்தின் கார்வையும் ஒலிக்கும். தொண்டிற்காக இசையைத் துறக்கத் துணிந்த ஒருவரின் விரல்களும், நெருப்பில் அழிந்த ஒரு கருவியின் குழல்களும் அந்த நான்கரை நிமிடங்களில் சேர்ந்தே உயிர் வாழ்கின்றன.