அஞ்சு நிமிஷ இருட்டுக்கு 400 கிலோமீட்டர்... ரகுநாதாச்சாரி போன கிரகண டிரிப்!

லீவு போட்டு, டிக்கெட் எடுத்து, வேற ஊருக்குப் போய் முழு சூரிய கிரகணம் பார்க்கணுமா? நம்ம மொட்டை மாடியிலயே பார்த்தா போதாதா? உங்களுக்கு இந்தச் சந்தேகம் இருந்தா, 150 வருஷத்துக்கு முன்னாடி நம்ம சென்னையில வாழ்ந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியைத் தெரிஞ்சுக்கோங்க.

பஞ்சாங்கம் கணிக்கிற குடும்பத்துல பிறந்தவர் அவர். நுங்கம்பாக்கத்துல இப்போ வானிலை மையம் இருக்கிற வளாகத்துலதான் அன்றைய மதராஸ் வானாய்வுக்கூடம் இருந்தது. இளம் வயசுலயே அங்கே வேலைக்குச் சேர்ந்து, முதல் உதவியாளரா உயர்ந்தார். 1867-ல், தெற்கு வானத்துல ஒளி கூடிக் குறையும் ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். ‘ஆர் ரெட்டிகுலி’ என்பது அதன் பெயர்.

அடுத்த வருஷம், 1868 ஆகஸ்ட் 18. ராயபுரம் ரயில்வே ஸ்டேஷனுக்கு அப்போ 12 வயசு. அன்னைக்குக் காசிமேட்டுலயோ திருவொற்றியூர் கடற்கரையிலயோ நின்னு பார்த்திருந்தா, பகுதி கிரகணம்தான் தெரிஞ்சிருக்கும். முழுசா மறையும் பாதை வடக்கே, ஆந்திரா பக்கம் போனது. வானாய்வுக்கூடத்தின் தலைவர் போக்சன் ஒரு குழுவோடு மசூலிப்பட்டினம் போனார். இன்னொரு குழுவுக்குத் தலைவரா ரகுநாதாச்சாரி வனபர்த்திக்குப் போனார். அது நிஜாம் ஆட்சிக்கு உட்பட்ட சமஸ்தானம். நேர்கோட்டுல அளந்தாலே இங்கிருந்து 400 கிலோமீட்டருக்கு மேல. கருவிகளை எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போகணும். மாசமோ ஆகஸ்ட், மழை மேகம் வந்து மறைச்சா எல்லாம் போச்சு!

அப்புறம் ஏன் அத்தனை மெனக்கெடல்? சூரியன் 99 சதவிகிதம் மறைஞ்சாலும், மிச்சமிருக்கிற ஒரு சதவிகித வெளிச்சமே கண்ணைக் கூசும். நூறு சதவிகிதம் மறைஞ்சாத்தான் சூரியனைச் சுற்றி இருக்கிற வெண்ணிற ‘கரோனா’ வெறும் கண்ணுக்குத் தெரியும். பகல்லயே நட்சத்திரம் எட்டிப் பார்க்கும். அதே கிரகணத்துலதான் குண்டூர்ல முகாம் போட்ட பிரெஞ்சு விஞ்ஞானி ழான்சென், சூரியனின் விளிம்புல எழும் வாயுப் பிழம்புகளை ஆராய்ந்தார். ஹீலியம் கண்டுபிடிப்புக்கான கதை தொடங்குவது அங்கேதான்.

1872-ல் லண்டன் ராயல் வானியல் கழகத்தின் உறுப்பினரானார் ரகுநாதாச்சாரி. அந்தப் பெருமையைப் பெற்ற முதல் இந்தியர் அவர்தான். ஆனா பட்டத்தோட அவர் நின்னுடலை. 1874 டிசம்பர் 9-ல் வெள்ளி கிரகம் சூரியனைக் கடந்தபோது, அது என்னன்னு சாமானிய மக்களுக்குப் புரியவைக்கத் தமிழ் உட்பட இந்திய மொழிகளில் விளக்க நூல் வெளியிட்டார். வானத்தைப் பார்த்துக் கணிக்கும் ‘திருக்கணித’ முறைக்குப் பஞ்சாங்கத்தை மாற்றவும் பாடுபட்டார். 1880-ல் காலமானார்.

ஸோ, போகலாமா, வேண்டாமா? கண்டிப்பா போகலாம் மக்களே! இந்தியாவுல அடுத்த முழு சூரிய கிரகணம் 2034 மார்ச் 20, காஷ்மீர் - லடாக் பக்கம். இப்பவே உண்டியல்ல காசு சேர்க்க ஆரம்பிக்கலாம். முழு மறைவுப் பாதைக்கு உள்ளேதான் நிற்கிறோமான்னு மேப்ல பார்த்துக்கோங்க. பத்து கிலோமீட்டர் தள்ளி நின்னாக்கூட ஏமாற்றம்தான். சூரியன் முழுசா மறையும் அந்தச் சில நிமிஷம் தவிர, மற்ற நேரமெல்லாம் கிரகணக் கண்ணாடி கட்டாயம்.

திரும்பி வந்ததும் ஸ்டேட்டஸ் போடறதோட விட்டுடாதீங்க. கிரகண நேரத்துல கதவைச் சாத்திக்கிட்டு உட்காரும் பக்கத்து வீட்டுப் பாட்டிகிட்டயும் பார்த்ததைச் சொல்லுங்க. ரகுநாதாச்சாரி செஞ்சதும் அதைத்தானே!