கிறனைற் பாறையின் பிறப்பை விளக்கிய ஜேம்ஸ் ஹட்டன் (1726 – 1797)

கிறனைற் ஒரு தீப்பாறை என்பதை இன்று பாடநூலின் ஒரு வரியில் படித்துவிடுகிறோம். ஆனால் 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய அறிஞர் பலர் அது கடல்நீரிலிருந்து படிந்த பாறை என்றே நம்பினர். இக்கருத்து மாற வழிவகுத்தவர் ஸ்கொட்லாந்து நாட்டவரான ஜேம்ஸ் ஹட்டன். நவீன புவிச்சரிதவியலின் தந்தை என இவர் போற்றப்படுகின்றார்.

இளமையும் கல்வியும்

ஹட்டன் 1726ஆம் ஆண்டு எடின்பரோ நகரில் வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். மூன்று வயதளவில் தந்தையை இழந்தார். பதினான்காவது வயதில் எடின்பரோ பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். பின்னர் சட்டத்தரணி ஒருவரிடம் பயிற்சிக்கு அமர்த்தப்பட்டார். ஆயினும் அவரது நாட்டம் இரசாயனப் பரிசோதனைகளிலேயே இருந்தமையால் அப்பயிற்சி நீடிக்கவில்லை. அதன்பின் மருத்துவம் கற்று, 1749இல் ஒல்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார்.

மருத்துவராகத் தொழில் புரிய அவர் விரும்பவில்லை. நண்பர் ஒருவருடன் இணைந்து புகைக்கரியிலிருந்து நவச்சாரம், அதாவது அமோனியங் குளோரைட்டு, தயாரிக்கும் தொழிலில் ஈடுபட்டு வருமானம் பெற்றார். தந்தைவழி வந்த பண்ணையிலும் பல ஆண்டுகள் விவசாயம் செய்தார். மழைநீர் வயல் மண்ணைக் கடலுக்கு அடித்துச் செல்வதை அங்கே கண்டார். நிலம் இவ்வாறு தேய்ந்துகொண்டே போனால் புதிய நிலம் எவ்வாறு உண்டாகின்றது என்ற வினா அவர் மனதில் எழுந்தது.

இரு கொள்கைகளின் மோதல்

அக்காலத்தில் ஜேர்மனியின் பிறைபேர்க் நகரில் கற்பித்த வேர்னர் என்பவரின் கொள்கை செல்வாக்குப் பெற்றிருந்தது. ஆதியில் பூமி முழுவதையும் கடல் மூடியிருந்தது. அந்நீரிற் கரைந்திருந்த பொருட்கள் படிகமாகிப் பாறைகள் தோன்றின. அவற்றுள் முதலிற் படிந்தது கிறனைற் என்பதே அக்கொள்கையாகும். இது நீர்க்கொள்கை எனப்பட்டது.

ஹட்டன் இதனை ஏற்கவில்லை. பூமியின் உட்பகுதி மிகுந்த வெப்பமுடையது. அங்கு உருகிய பாறைக்குழம்பு மேலெழுந்து, பிற பாறைகளினுட் புகுந்து, ஆறி இறுகியதே கிறனைற் என்றார். 1785இல் எடின்பரோ அரச கழகத்தில் அவரது கட்டுரை வாசிக்கப்பட்டது. நோயுற்றிருந்த அவருக்காக முதற்பகுதியை வாசித்தவர், காபனீரொட்சைட்டு வாயுவை ஆராய்ந்து புகழ்பெற்ற ஜோசப் பிளாக் ஆவார்.

கிளென் ரில்ற் பள்ளத்தாக்கின் சான்று

கொள்கைக்குச் சான்று வேண்டுமல்லவா? அதே ஆண்டில் ஹட்டன் ஸ்கொட்லாந்து மலைநாட்டிலுள்ள கிளென் ரில்ற் பள்ளத்தாக்கிற்குச் சென்றார். அங்குள்ள ஆற்றுப்படுக்கையில் செந்நிறக் கிறனைற், கருநிற அடுக்குப் பாறையைக் கிழித்துக்கொண்டு நரம்புகள் போல் ஊடுருவியிருந்தது. உடைந்த கரும்பாறைத் துண்டுகளும் கிறனைற்றினுள் அகப்பட்டிருந்தன.

இதிலிருந்து இரு முடிவுகள் கிடைத்தன. கிறனைற் திரவ நிலையிலேயே உட்புகுந்திருக்க வேண்டும் என்பது ஒன்று. ஒரு பாறையினுட் புகுந்த பாறை அதைவிட இளையது என்பது மற்றது. எனவே கிறனைற் முதலிற் படிந்த பாறை என்ற கருத்து அங்கே பொருந்தவில்லை. இதனைக் கண்ட ஹட்டன் ஆரவாரித்து மகிழ்ந்ததால், அவர் பொன்னோ வெள்ளியோ கண்டெடுத்தார் என உடன் வந்த வழிகாட்டிகள் எண்ணியதாகக் கூறப்படுகின்றது.

எதிர்ப்பும் பரிசோதனையும்

உருகிய பாறை ஆறினால் கண்ணாடி போலாகுமேயன்றிப் படிகமாகாது என எதிர்த்தரப்பினர் வாதிட்டனர். ஹட்டனின் நண்பர் ஜேம்ஸ் ஹோல் இதனை உலையிற் சோதிக்க விரும்பினார். ஆனால் பூமியின் ஆழத்தில் நிகழ்வதைச் சிறு உலையிற் காட்ட முடியாது என்பது ஹட்டனின் எண்ணம். நண்பர் மீதிருந்த மதிப்பினால் ஹோல் தமது பரிசோதனை முடிவுகளை உடனே வெளியிடவில்லை.

1795இல் தமது கொள்கையை விளக்கும் நூலை இரு தொகுதிகளாக வெளியிட்ட ஹட்டன், 1797இல் காலமானார். அடுத்த ஆண்டில் ஹோல் தமது முடிவுகளை அறிவித்தார். உருக்கிய எரிமலைப் பாறையை விரைவாக ஆறவிட்டால் கண்ணாடியும், மெதுவாக ஆறவிட்டால் படிகங்களும் உண்டாகும் என அவர் காட்டினார். கடினமான நடையில் அமைந்திருந்த ஹட்டனின் கருத்துக்களை 1802இல் ஜோன் பிளேபெயர் எளிய நடையில் எழுதிப் பரப்பினார்.

இன்றைய விளக்கம்

கிறனைற்றின் திணிவில் ஏறத்தாழ 70 சதவீதம் சிலிக்கனீரொட்சைட்டு ஆகும். குவாட்ஸ், பெல்ஸ்பார், மைக்கா என்பன அதன் முக்கிய கனியங்கள். பொற்றாசியம், சோடியம், அலுமினியம் ஆகிய மூலகங்கள் பெல்ஸ்பாரில் அடங்கியுள்ளன. ஆழத்தில் மிக மெதுவாக ஆறுவதால் இப்படிகங்கள் கண்ணுக்குத் தெரியுமளவிற்குப் பெரிதாக வளர்கின்றன.

1958இல் ரட்டில், போவன் என்போர் வெளியிட்ட ஆய்வு, உயர் அமுக்கத்தில் நீர் கலந்திருக்கும்போது கிறனைற் ஏறத்தாழ 700 பாகை செல்சியசிலேயே உருகும் எனக் காட்டியது. ஆகவே கிறனைற்றின் பிறப்பில் நீருக்கும் பங்குண்டு. ஆனால் அது கடல்நீரன்று. குழம்பினுட் கரைந்துள்ள நீராகும்.

ஹட்டன் பூமியின் வயதை எண்ணாற் கூறவில்லை. அது அளவிட முடியாத அளவு நீண்டது என்றே கருதினார். இன்று யுரேனியம் ஈயமாக மாறும் வீதத்தைக் கொண்டு பாறைகளின் வயது கணிக்கப்படுகின்றது. கனடாவின் அக்காஸ்தா பகுதியில், கிறனைற் போன்ற பாறை உருமாறித் தோன்றிய நைஸ் ஏறத்தாழ 400 கோடி ஆண்டுகள் பழைமையானது.

கவனிக்க: இலங்கையில் நாம் கருங்கல் என அழைப்பவை யாவும் கிறனைற் அல்ல. அவற்றுட் பெரும்பாலானவை நைஸ் போன்ற உருமாறிய பாறைகளாகும்.

மீட்டற் குறிப்புகள்
1. நீர்க்கொள்கை – வேர்னர். கிறனைற் கடல்நீரிலிருந்து படிந்தது.
2. தீக்கொள்கை – ஹட்டன். கிறனைற் பாறைக்குழம்பு இறுகியதால் உண்டானது.
3. ஊடுருவிய பாறை, ஊடுருவப்பட்ட பாறையைவிட இளையது.
4. மெதுவாக ஆறினால் பெரிய படிகம். விரைவாக ஆறினால் சிறிய படிகம் அல்லது கண்ணாடி.

பயிற்சி வினாக்கள்
1. கிறனைற்றிலுள்ள முக்கிய கனியங்கள் மூன்றினைக் குறிப்பிடுக.
2. கிளென் ரில்ற்றில் ஹட்டன் கண்ட சான்றுகள் இரண்டினைத் தருக.
3. ஹோலின் பரிசோதனை எதிர்த்தரப்பினரின் வாதத்தை எவ்வாறு முறியடித்தது என விளக்குக.